எஸ்.பி.எம். முடிந்ததும் நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருடா வருடம் பிள்ளைகள், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுத்தாளும் கையுமாக என்னைத் தேடி வருகிறார்கள், கூடவே அப்பாவோ அம்மாவோ. சிலர் அதற்குள் ஏதோ ஒரு தனியார் கல்லூரிக்கு முன்பணமே கட்டியிருப்பார்கள். அதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

என் அக்கா மகளுக்கு நடந்ததும் இதுதான். கல்லூரி பெரியது, பதிவும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அவள் சேர்ந்த படிப்புக்கு அங்கீகாரம் வரவில்லை, கடனும் கிடைக்கவில்லை. அதனால் கல்லூரியின் பெயரோடு நிற்காமல், சேரப்போகும் படிப்பின் பெயரையே அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிடும் எம்.கியூ.ஆர். பதிவேட்டில் தேடுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அரசாங்கக் கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கிடைக்காது. மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம், பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியம், அவர்கள் பட்டியலையும் பாருங்கள்.

அப்புறம், எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் ஆறாம் படிவம் என்றாலே "காலம் வீண்" என்று முகம் சுளிக்கிறோம். ஒன்றரை வருடம், மூன்று பருவம், செலவு மிகக் குறைவு, முதல் இரண்டு பருவத் தேர்வுகளில் சறுக்கினால் திரும்ப எழுதவும் வழி உண்டு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைக்காத பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குப் போக இது அருமையான வழி. ஆனால் தோழி எடுத்தாள் என்று கலைப்பிரிவை எடுத்துவிட்டு, பிறகு மருந்தியல் வேண்டும் என்றால் கதவு திறக்காது. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். புறப்பாடத்தையும் விட்டுவிடாதீர்கள், பல்கலைக்கழக இடம் கொடுக்கப் பார்க்கும் மெரிட் மதிப்பெண்ணில் 10 விழுக்காடு அதற்குத்தான்.

எஸ்.டி.பி.எம். முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தை நிரப்பும்போது இன்னொரு தவறு. 12 இடங்களிலும் மருத்துவம், பல் மருத்துவம் என்றே நிரப்புகிறார்கள், உறவுக்காரர்கள் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. குறைந்தபட்சத் தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். போட்டி அதற்கு மேல்தான் தொடங்குகிறது. மேலே மூன்று நான்கு இடம் ஆசைக்குப் போதும். மீதியில் உங்கள் மெரிட்டுக்கு எட்டுகிற, கிடைத்தால் மனமார போய்ப் படிக்கிற படிப்புகளைப் போடுங்கள், வெறுமனே இடத்தை நிரப்ப ஒன்றையும் போடாதீர்கள். நேர்முகத் தேர்வு உள்ள படிப்பா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயம், ஆனால் இதிலேயே இடம் போயிருக்கிறது: விண்ணப்பத்தில் அப்பாவின் பழைய கைப்பேசி எண். பிள்ளையின் எண்ணையே கொடுங்கள். இடம் கிடைக்கவில்லையா, மேல்முறையீட்டுக்குத் தருவது சில நாள்தான், அன்றைக்கே உட்கார்ந்து நிரப்பிவிடுங்கள்.