முகப்பை விடுங்கள், டயரை எடுங்கள்: லெகோ வாகனமும் டயோரமா என்னும் காட்சி மாதிரியும் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெகோ கட்டைகளில் சொந்தமாக ஒரு லாரி கட்ட உட்காருபவர்களில் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது முகப்பில்தான். கண்ணாடி, முகவிளக்கு, நெற்றிப் பலகை என்று அது அழகாகவே வந்துவிடும். பிறகுதான் சக்கரத்தைத் தேடுவார்கள். கையில் இருப்பது சிறியதாக இருந்தால் லாரி தள்ளுவண்டி போலத் தரையோடு ஒட்டும். பெரியதாக இருந்தால் டிராக்டர் போல எழும்பி நிற்கும். எந்தக் கட்டையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்தக் கோளாறு போகாது.

வாகனத்தில் நம்மால் கட்ட முடியாத உறுப்பு டயர் ஒன்றுதான். மற்றவற்றை ஒரு குமிழ் (கட்டையின் மேலுள்ள சிறு புடைப்பு) அளவு கூட்டிக் குறைக்கலாம். டயர் மட்டும் தயாரிப்பவர்கள் தரும் அளவுகளில்தான் கிடைக்கும். எனவே டயரில் தொடங்க வேண்டும். டயரிலிருந்து அளவுவிகிதம், அதிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து சாலை, சாலையிலிருந்து மலை. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் நான் பார்க்கும் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் எந்தச் சாலையில் நின்றாலும் கிரானைட் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போகும். அதையே எடுத்துக்கொள்வோம். தேவைப்படும் அளவுகள் மூன்றுதான். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ.; ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ.; மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை உயரம். இதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

லாரி டயரின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். லெகோவில் 24 மி.மீ. விட்டமுள்ள டயர் உண்டு. ஆக, அளவுவிகிதம் 42-இல் ஒரு பங்கு. 1978-இல் அறிமுகமான, கை கால் அசையும் பொம்மை மனிதரின் உயரம் 4 செ.மீ.; 42-ஆல் பெருக்கினால் 168 செ.மீ., நம்மூர் ஆளின் உயரம். அதனால் இந்த விகிதத்தில் ஆளும் வண்டியும் பொருந்தி நிற்கும். லாரியின் அகலம் 2.5 மீட்டர் என்றால் மாதிரியில் 6 செ.மீ., அதாவது ஏழரைக் குமிழ். எட்டாக வைத்துக்கொள்ளலாம். பத்து மீட்டர் நீளம் என்றால் 30 குமிழ்.

இங்கே ஒரு பொதுவான சறுக்கல். லெகோவின் ஸ்பீடு சாம்பியன்ஸ் கார்கள் 2015-இல் வந்தபோது ஆறு குமிழ் அகலம். 2020 முதல் எட்டு குமிழ். அந்த எட்டு குமிழ்க் காரை வாங்கிவந்து, நாம் கட்டிய எட்டு குமிழ் லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே அகலத்தில் நிற்கும். தனியாகப் பார்க்கும்போது இரண்டும் அழகுதான். ஒரே சாலையில் வைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். 1.7 மீட்டர் அகலமுள்ள கார் இந்த விகிதத்தில் ஐந்து குமிழ்தான் வரும், தாராளமாக ஆறு. அதன் டயர் 14 மி.மீ.

பஸ் கட்டுபவர்களுக்கு வேறொரு தொல்லை. பொம்மை மனிதரின் உயரம் சரி, அகலம் சரியில்லை. அவர் இடுப்பு 16 மி.மீ.; 42-ஆல் பெருக்கினால் 67 செ.மீ. அத்தனை பேரும் அந்தப் பருமன்! எட்டு குமிழ் அகலப் பஸ்ஸில் இருபக்கச் சுவரையும் கழித்தால் உள்ளே ஆறு குமிழ். மூன்று பேர் உட்கார்ந்தால் நடக்க வழியில்லை. ஊர்ப் பஸ்ஸில் இருப்பது போல ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று இருக்கை வைக்க நினைத்துப் பஸ்ஸையே பன்னிரண்டு குமிழுக்கும் மேல் அகலப்படுத்துவார்கள். அதைச் செய்யாதீர்கள். பக்கத்துக்கு ஒரு இருக்கை, நடுவே வழி. வெளியிலிருந்து பார்ப்பவர் கண் இருக்கைகளை எண்ணாது, பஸ்ஸின் உருவத்தைத்தான் அளக்கும்.

லாரிக்குத் திரும்புவோம். பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் என்பதை மறந்து ஒற்றை டயரோடு விடுவது அடிக்கடி நடக்கிறது. பின்பக்கம் ஒல்லியாகி, லாரி வேன் ஆகிவிடும். டயரை, துளையில் செருகும் முளையான கறுப்புப் பின்னில் பொருத்துவது இன்னொரு தவறு: கறுப்புப் பின்னில் இறுக்கிப் பிடிக்கும் வரம்புகள் உண்டு, சாம்பல் நிறப் பின்தான் தாராளமாகச் சுழலும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே குறைந்தது ஒரு பிளேட் உயரம் இடைவெளி விடுங்கள்.

சரக்கு விஷயத்தில்தான் ஊர்க்காரர் கண்ணுக்குப் பொய் உடனே தெரியும். கிரானைட் லாரியை மணல் லாரி போல விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். கிரானைட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடை. இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரே கல் பதினைந்து டன் வரும். அதனால்தான் உண்மையான லாரியில் ஒன்றிரண்டு கற்கள் நடுவில் தாழ்வாக உட்கார்ந்திருக்க, சுற்றிலும் தளம் காலியாகத் தெரிகிறது. மாதிரியில் அந்தக் கல் எட்டு குமிழ் நீளம், நான்கு குமிழ் அகலம், நான்கு கட்டை உயரம். மேலே குமிழ் தெரியாமல் டைல் போட்டு, இரண்டு சங்கிலி கட்டிவிட்டால் போதும். காலி இடத்தைப் பார்த்துப் பயந்து நிரப்பாதீர்கள். அந்தக் காலி இடம்தான் கல்லின் கனத்தைச் சொல்கிறது.

ஓட்டுநர் இருக்கையையும் பாருங்கள். ஐரோப்பியப் பெட்டிகளின் குறிப்பைப் பார்த்துப் பழகியவர்கள் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் வைத்துவிடுகிறார்கள். பஸ் என்றால் படிக்கட்டு வலப்பக்கம் போய்விடுகிறது. பயணிகள் நடுச்சாலையில் இறங்க வேண்டியதுதான். லாரி, பஸ்ஸின் எண்பலகை மஞ்சள் நிறம், எழுத்து கறுப்பு. கிருஷ்ணகிரிக்கு 24, தர்மபுரிக்கு 29, ஓசூருக்கு 70.

உள்ளே இருக்கும் எலும்பு

முப்பது குமிழ் நீளமுள்ள லாரியை ஒரே அடுக்கு பிளேட்டின் மேல் கட்டினால் அது நடுவில் தொய்யும். பலரிடம் இருக்கும் நீளமான பிளேட் 16 குமிழ்தான்; இரண்டை நேராக ஒட்டவைத்து, அதன் மேல் அடுக்கையும் அதே இடத்தில் முடித்தால், தூக்கும்போது சரியாக அந்த இடத்தில் இரண்டாகும். சுவர் வைக்கும் கொத்தனார் மூட்டின் மேல் மூட்டு வரவிடமாட்டார். இங்கேயும் அதுதான் விதி. துளையுள்ள டெக்னிக் கட்டைகளை இரண்டு வரிசையாக, மூட்டு மாற்றி மாற்றி ஓடவிட்டு, அதன் மேல் உடலைக் கட்டுவதே பாதுகாப்பு.

பக்கச் சுவரைக் குமிழ் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பிக் கட்டும்போது குத்துமதிப்பாகச் செய்வார்கள். ஒரு மில்லிமீட்டர் இடுக்கு கடைசி வரை கண்ணை உறுத்தும். ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ.; இரண்டு குமிழ் அகலமும் 16 மி.மீ. இந்தச் சமன்பாடு ஒன்றே பக்கவாட்டுக் கட்டுமானத்தின் திறவுகோல். இடுக்கு வந்தால் ஐந்தின் மடங்கைத் தவறவிட்டிருப்பீர்கள்.

இன்னொன்று, பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டு குமிழ் வரிசைக்கு நடுவே செருகுவது. குமிழின் விட்டம் 4.8 மி.மீ.; இடைவெளி 3.2 மி.மீ.; பிளேட்டின் தடிமனும் 3.2 மி.மீ. காகிதக் கணக்குக்குப் பொருந்தும். ஆனால் துளியும் இளக்கம் இல்லாத பொருத்தம் என்பதால் குமிழ்கள் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். லெகோ வடிவமைப்பாளர்கள் தங்கள் பெட்டிகளில் இதை அனுமதிப்பதில்லை. வெயில் காலத்தில் இப்படிப்பட்ட அழுத்தம் இன்னும் மோசம்.

விலையும் கலப்பும்

பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. அதனால் லெகோவோடு பொருந்தும் மலிவான பிற நிறுவனக் கட்டைகளைக் கலப்பது தவிர்க்க முடியாதது. அதைப் பாவம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கே கலக்கிறோம் என்பதுதான் கேள்வி. மலையின் வயிற்றுக்குள் எந்தக் கட்டையும் போகலாம். அச்சு, கீல், சட்டம் ஆகிய இடங்களில் நல்ல கட்டை மட்டுமே. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

பழைய கட்டைகளை மொத்தமாக வாங்குபவர்கள் சாம்பல் நிறத்தில் ஏமாறுகிறார்கள். லெகோ 2004 வாக்கில் தன் சாம்பல் நிறங்களை மாற்றியது: பழையதில் லேசான பழுப்புச் சாயல், புதியதில் நீலச் சாயல். இரண்டையும் கலந்து ஒரு லாரிச் சட்டம் கட்டினால் ஒட்டுப்போட்டது போல இருக்கும். பாறைக்கோ இந்தக் கலப்பு வரப்பிரசாதம்.

தொப்பூரைத் தட்டில் இறக்குதல்

டயோரமா என்றதும் பச்சை அடித்தட்டு ஒன்றை வாங்கி, அதில் ஊசியிலை மரம் நாலு நடுகிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் எங்கே அப்படி ஒரு புல்வெளி இருக்கிறது? செம்மண்ணுக்குச் செம்பழுப்பும் அடர் ஆரஞ்சும், காய்ந்த புல்லுக்கு வெளிர் மணல் நிறம், முள்செடிக்கு மங்கிய ஆலிவ் பச்சை. மாமரம் என்றால் தாழ்வாக, குடைபோல் விரிந்து. பனை என்றால் நெட்டையாக, தலையில் மட்டும் கொத்து. பனையை மட்டும் விகிதப்படி கட்ட முயலாதீர்கள்: இருபது மீட்டர் பனை மாதிரியில் 48 செ.மீ. வரும், லாரியைவிட இருமடங்கு. பாதி உயரத்தில் நிறுத்தினாலே கண் ஏற்றுக்கொள்ளும்.

தொப்பூர் கணவாய் இந்தப் பக்கத்துக் கட்டுநர்கள் பலரின் ஆசை. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வளைந்து இறங்கும் இடம், விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. இருபுறச் சாலையையும் ஒரே தட்டில் அடக்க நினைப்பதே முதல் பிழை. ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர், மாதிரியில் பத்துக் குமிழுக்குச் சற்று மேல். இரண்டு தடத்துக்கே 21 குமிழ். 32 குமிழ் அடித்தட்டில் மிச்சம் பதினொன்று. அதில் மலைச்சரிவு வைக்கலாம். எதிர்ச்சாலை வைக்க முடியாது. சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தை மட்டும் கட்டுங்கள். லாரிகள் இடப்புறம் ஒட்டிப் போகட்டும்.

சரிவை மிகைப்படுத்துவது அடுத்தது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கினாலே பாரம் ஏற்றிய லாரிக்கு அது கடும் இறக்கம். 32 குமிழ் நீளத்துக்கு, அதாவது 25.6 செ.மீட்டருக்கு, அது 1.28 செ.மீ.; நான்கே நான்கு பிளேட். பலர் பத்துக் கட்டை உயரத்திலிருந்து சாலையைச் சரித்துச் சறுக்குமரம் ஆக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் எட்டு பிளேட் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். படிப்படியாக அடுக்கவும் வேண்டாம். சாலையைத் தட்டையாகத் தனியே கட்டி, ஒரு முனையில் கீல் வைத்து மறுமுனையைத் தூக்கி நிறுத்தினால் சரிவு சீராக வரும்.

ஒகேனக்கல் கட்டுபவர்களுக்குத் தண்ணீர்தான் பொறி. பளபளக்கும் நீலத்தை ஊற்றினால் அது நீச்சல்குளம். வெள்ளக் காலத்தில் காவிரி கலங்கிய மண்ணிறம். விழும் இடத்தில் வெள்ளை. கோடையில் பாறைகளுக்கு நடுவே பச்சை கலந்த தெளிவு. எந்த மாதத்தைக் கட்டுகிறோம் என்று முடிவு செய்தபின் கட்டையை எடுங்கள். பரிசலுக்கு ஆறு குமிழ் வட்டக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் வைத்தால் இரண்டு மீட்டர் பரிசல் ஆகிவிடும். பருத்த பொம்மை மனிதர்களை இரண்டு மூன்று பேருக்கு மேல் ஏற்றாதீர்கள்.

கிருஷ்ணகிரி அணையை முழுதாகக் கட்டும் கனவுக்கு ஒரு கணக்கு: அணை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம், மாதிரியில் இருபத்து மூன்று மீட்டருக்கு மேல். ஒரு மதகு போதும்.

வெயில், போர் தண்ணீர், பசை

கட்டைகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளை மஞ்சளாகும், நீலம் பச்சை தட்டும். ஜன்னலுக்கு எதிரே காட்சி மேசை போடுவதும், தகரக் கூரை அறையில் வைப்பதும், மூடிய காரில் மதியம் முழுக்க விட்டுவிடுவதும் வேண்டாம்.

கழுவுவதற்கு 40 டிகிரியைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரே போதும் என்பது லெகோவின் அறிவுரை. சித்திரை வெயிலில் மாடித் தொட்டி நீர் அதைத் தாண்டியிருக்கலாம், காலையில் கழுவுங்கள். நம் மாவட்டங்களின் போர் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். அதற்காகத்தானே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் கறுப்புக் கட்டைகளில் வெள்ளைத் திட்டு படியும். கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் காவிரி நீரைப் பயன்படுத்துங்கள், உடனே துணியால் ஒற்றுங்கள். தூசிக்கு மென்மையான பெயின்ட் பிரஷ். கிரானைட் பட்டறைகள் உள்ள பகுதியில் துணியால் தேய்த்தால் அந்தத் துகளே கீறல் போடும்.

கழன்று விழும் பாகத்துக்கு உடனடிப் பசை போடாதீர்கள். சுற்றிலும் வெண்மை பூக்கும். பசையை எடுக்க நகப்பூச்சு நீக்கியைத் தடவினால், அதிலுள்ள அசிட்டோன் கட்டையையே கரைக்கும். விழுகிறது என்றால் கட்டமைப்பில் குறை. அதைப் பிரித்துச் சரிசெய்வதே வேலை.

ஓசூருக்கோ பெங்களூருக்கோ எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே 32 குமிழ்ப் பகுதிகளாகப் பிரித்துக் கட்டுங்கள். அடித்தட்டின் கீழ்ப்புறத்தில் எதுவும் பொருந்தாது, தூக்கினால் வளையும். எனவே ஒவ்வொன்றையும் பிளைவுட் பலகையில் ஏற்றி, ஓரங்களில் டெக்னிக் பின்னால் இணையுங்கள். வாகனங்களைச் சாலையிலிருந்து எடுத்துத் தனிப் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். வேகத்தடையில் வண்டி குதிக்கும்போது, சாலையில் விட்டுவைத்த கிரானைட் லாரிதான் முதலில் உருண்டுபோய் மலையை இடிக்கும்.