தொடக்கப் பள்ளி நூலகத்தில் ஆடையற்ற படங்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் நூலகம் என்பது பெரும்பாலும் ஓர் அலமாரியோ, வகுப்பறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் தொங்கும் படக்கதைகளோதான். அதன் பொறுப்பும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரிடமே இருக்கும். எனவே, குளத்தில் அம்மணமாகக் குதிக்கும் சிறுவனின் படத்தைக் காட்டி, “என்ன டீச்சர், பிள்ளைக்க கையில இதையா குடுக்கிய?” என்று ஒரு தாய் வந்து நிற்கும்போது, அந்த இடத்திலேயே ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டிய நெருக்கடி அவருக்கு ஏற்படுகிறது. அந்த நெருக்கடியில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் புத்தகத்தைப் பூட்டி வைப்பதாகவே அமையும். இதைத் தவிர்க்க, முறையீடு வருவதற்கு முன்பே செய்துவைக்க வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலில் புத்தகங்களை நீங்களே புரட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் வரிக்கு வரி படிக்க வேண்டியதில்லை. புத்தகத்தின் முதுகை மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தால் சில புத்தகங்கள் ஒரே பக்கத்தில் தானாகவே விரியும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிறு விரல்களின் அழுக்கும் படிந்திருக்கும். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிக்கும் பக்கம் அதுவாக இருக்கலாம். அந்தப் புத்தகங்களைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, படத்தில் இருப்பவர் எதற்காக ஆடையின்றி இருக்கிறார், அந்த உடலைப் படம் எப்படிப் பார்க்க வைக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

குளிக்கும் குழந்தை, அரைஞாண் மட்டும் கட்டித் தவழும் கண்ணன், மாட்டுக்கொட்டிலில் கிடத்தப்பட்ட பாலன் இயேசு ஆகிய படங்கள் இயல்பானவை. ஆற்றிலும் கடலிலும் குளித்து வளரும் பிள்ளைகளுக்கு இவற்றில் புதுமை எதுவும் இல்லை. சிதறால் மலையில் பாறையில் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர்களையும், நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களில் உள்ள சமணச் சிற்பங்களையும் காட்டும் நூல்களும் அப்படியே. சுற்றுலாவில் சிதறாலுக்கு அழைத்துச்சென்று நேரில் காட்டும் உருவத்தை நூலகத்தில் மட்டும் மறைப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது. துறவிகள் உடைமைகள் அனைத்தையும் துறந்தபோது உடையையும் துறந்தார்கள் என்று ஒரு வரியில் சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும். இவ்வகை நூல்கள் திறந்த அலமாரியிலேயே இருக்கட்டும்.

உடலுறுப்புகளையும் பாதுகாப்பான தொடுதலையும் விளக்கும் புத்தகங்களையும் நீக்கக் கூடாது. ஆனால் அவை ஆசிரியர் உடனிருந்து படிக்க வேண்டியவை. தனியாகப் புரட்டும் பிள்ளைக்குப் படம் மட்டும்தான் கண்ணில் படும், அதனோடு சேர்ந்த எச்சரிக்கை மனத்தில் ஏறாது.

அதிகக் கவனம் கோருவது வேறொரு வகை, அது இந்த மண்ணுக்கே உரியது. மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லும் நூல்களில் மேலாடை மறுக்கப்பட்ட பெண்களின் ஓவியங்களோ பழைய நிழற்படங்களோ இடம்பெறுவதுண்டு. இங்கே ஆடையின்மை இயல்பின் அடையாளம் அன்று. சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட அவமானம். 1822-ஐ ஒட்டிக் கல்குளம், இரணியல் பகுதிகளில் வெடித்து, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு பிரகடனம் வெளியிடும் நிலைக்குக் கொண்டுவந்த அந்தப் போராட்டத்தில் நின்றவர்களின் வழித்தோன்றல்கள் உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். படத்தைப் பார்த்து மற்றொரு பிள்ளை சிரித்தால் அந்தச் சிரிப்பு யார்மேல் விழும் என்பதை எண்ணிப் பாருங்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016 டிசம்பரில் இதுபற்றிய பாடப்பகுதியிலிருந்து 2017 தேர்வில் கேள்வி வராது என்று அறிவித்ததுபோல, வரலாற்றையே ஒதுக்கிவைப்பது எளிய வழி. ஆனால் இந்த மாவட்டத்து ஆசிரியருக்கு அது பொருந்தாது என்றே நான் கருதுகிறேன். தொடக்கப் பள்ளியில் போராட்டத்தின் கதையை முதலில் வாயால் சொல்லுங்கள். படம் உள்ள நூலை நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு மட்டும், நீங்கள் உடனிருக்கும்போது கொடுங்கள். ஒருத்தியின் உடலை வேடிக்கைப் பொருளாக்கும் பழைய நிழற்படம் மட்டுமே உள்ள நூலாக இருந்தால் அது ஆசிரியர் அறையில் இருப்பதே மேல்.

நிழற்படம் என்றதும் இன்னொன்று: உண்மைக் குழந்தைகளை ஆடையின்றிக் காட்டும் நிழற்படத்தை ஓவியத்தோடு ஒன்றாக எண்ணக் கூடாது. அந்தக் குழந்தைக்கு முகமும் ஊரும் உண்டு, அது சம்மதம் சொல்லியிருக்கவும் முடியாது. ஐயம் எழுந்தால் நூலை அலமாரியிலிருந்து எடுத்துத் தலைமை ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். பாலியல் நோக்கில் குழந்தைகளைக் காட்டும் எதுவாயினும் அது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்கீழ் வரும் குற்றம். அங்கே நூல்தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. நன்கொடையாக வரும் கட்டுகளில் பெரியவர்களுக்கான வார இதழ்கள் கலந்து வருவதும் உண்டு. அவற்றைப் பதிவேட்டில் ஏற்றுமுன்பே பிரித்துவிடுங்கள்.

எந்த நிலையிலும் படத்தின்மேல் மை பூசாதீர்கள், தாள் ஒட்டாதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். மாரிஸ் செண்டாக் 1970-இல் வெளியிட்ட ‘இன் த நைட் கிச்சன்’ என்ற படக்கதையின் சிறுவன் சில பக்கங்களில் ஆடையின்றி இருக்கிறான் என்பதற்காக, அமெரிக்க நூலகர்கள் சிலர் அவனுக்கு வெள்ளைச் சாயத்தால் அரைத்துணி வரைந்தார்கள். அந்தச் செயல்தான் இன்றுவரை பேசப்படுகிறது. ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டிப் பார்க்காத பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை.

நூலகப் பாடவேளையில் சிரிப்பு எழுந்தால் அதட்ட வேண்டாம். “அவன் குளிக்கிறான். குளிக்கும்போது நாம் சட்டை போடுவோமா?” என்று சாதாரணக் குரலில் கேட்டுவிட்டு, கதையில் அடுத்து என்ன நடக்கிறது என்று பக்கத்தைத் திருப்புங்கள். ஆனால் சிரிக்காமல் ஒதுங்கும் பிள்ளையைக் கவனியுங்கள். படத்தைப் பார்த்தபின் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கினால், புத்தகத்தை மூடிவைத்துக் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்காதீர்கள், வீட்டில் சொல்லிச் சரிசெய்யலாம் என்றும் எண்ணாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உண்டு. காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது போக்சோ சட்டப்படி கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது.

பெற்றோர் முறையிட வந்தால் உட்காரச் சொல்லி, முழுக் கதையையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் கைபேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டு வந்தவராக அவர் இருக்கலாம். அப்போதும் ஏற்காவிட்டால் முறையீட்டை எழுத்தில் வாங்கி, தலைமை ஆசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பதால், ஆசிரியர் ஒருவர் சொல்வதைவிட அவர்கள் சொல்வதற்கு ஊரில் மதிப்பு அதிகம். மேலாண்மைக் குழு இல்லாத உதவி பெறும் பள்ளியானால் தாளாளரிடம் கொண்டுசெல்லலாம். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்; முறையிட்டவரின் பிள்ளைக்கு மட்டும், காரணம் எதுவும் சொல்லாமல், வேறொரு கதையை எடுத்துக் கொடுங்கள். முடிவையும் அதற்கான காரணத்தையும் கூட்டப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற்று, அதன் நகலை இருப்புப் பதிவேட்டில் அந்த நூலுக்குரிய பக்கத்தோடு இணைத்துவையுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போனபின் அதே புத்தகத்தைப் பற்றி வேறொருவர் கேட்டு வந்தால், புதிதாக வந்த ஆசிரியருக்கு அதுதான் கைகொடுக்கும்.