கிண்ணம் கடைய வளைந்த டூல் ரெஸ்ட்: வாங்கும்போது நடக்கும் தவறுகள்

லேத்தில், அதாவது மரம் கடையும் எந்திரத்தில், உளியைத் தாங்கிப் பிடிப்பது டூல் ரெஸ்ட். கட்டில் கால், பூரிக்கட்டை, சொப்புச் சாமான் எல்லாம் கடைசல் பிடிக்க நேரான ரெஸ்ட் போதும். கிண்ணம் அப்படியில்லை. உள்ளே குடையக் குடைய உளியின் முனை ரெஸ்ட்டை விட்டு விலகிக்கொண்டே போகும். குழிவான அரை அங்குல கவுஜ் உளி நான்கைந்து அங்குலம் வெளியே நீண்டுவிட்டால் அதிர ஆரம்பிக்கும், மரத்தில் வரிவரியாகத் தழும்பு விழும். கொஞ்சம் அசந்தால் மரம் உளியைப் பிடித்து இழுத்துவிடும். ரெஸ்ட்டையே கிண்ணத்துக்குள் கொண்டுபோய், வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தத்தான் வளைந்த ரெஸ்ட்.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வளைவின் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். எஸ் எழுத்து மாதிரி நெளிந்த ஒன்று, உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் ஒன்றே போதும் என்று வாங்கினேன். தூங்குமூஞ்சி மரத்தில் எட்டு அங்குலக் கிண்ணம் ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தபோது, ரெஸ்ட்டின் கடைக்கோடியில் உளி மாட்டிக்கொண்டது. ரெஸ்ட்டின் அடித்தண்டைப் பிடிக்கும் திருகை நன்றாகத்தான் இறுக்கியிருந்தேன். ஆனாலும் ரெஸ்ட் தண்டோடு சுழன்று உள்சுவரில் இடித்தது. விளிம்பு பிளந்துவிட்டது.

காரணம் எளிது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும். ரெஸ்ட்டுக்குத் தண்டுதான் கீல். தண்டிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி வெட்டினால், இரண்டு அங்குலத்தில் வெட்டுவதைப்போல மூன்று மடங்கு முறுக்கு அந்தத் திருகின் மேல் விழுகிறது. அதனால் வளைவு அழகாக இருக்கிறதா என்பதைவிட, நீங்கள் அதிகம் வெட்டப்போகும் பகுதி தண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நீளமான கை உள்ள ரெஸ்ட்டைவிட, குட்டையான, கனமான கம்பியில் செய்தது எப்போதும் மேல். வார்ப்பிரும்பில் மெல்லிய வளைவாகச் செய்ததை நான் வாங்க மாட்டேன். அது வளைந்து கொடுக்காது, பலமாக அடி விழுந்தால் ஒடிந்துவிடும். எஃகுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்ததாக இருந்தால், திருப்பிப் போட்டு வெல்டிங் சுற்றிலும் முழுதாக ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது தண்டின் பருமன். 5/8 அங்குலம், 3/4 அங்குலம், 1 அங்குலம், 25 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர் என்று லேத்துக்கு லேத் மாறும். 25 மில்லிமீட்டரும் 1 அங்குலமும் ஒன்றுதான் என்று நினைத்து வாங்குவது அடிக்கடி நடக்கிற தவறு. 1 அங்குலம் என்பது 25.4. அந்த 0.4 போதும், தண்டு துளைக்குள் இறங்காது. ஸ்கேலை நம்பாமல் வெர்னியர் வைத்து, ரெஸ்ட்டைத் தாங்கும் பாஞ்சோவின் துளையை அளந்துவிடுங்கள். தண்டு சிறுத்திருந்தால் புஷ் என்ற உறைக்குழாய் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் விறைப்பு குறையும். கணக்குப்படி 1 அங்குலத் தண்டு, 5/8 அங்குலத் தண்டைவிட ஆறரை மடங்கு விறைப்பானது.

உயரத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். 10 அங்குல விட்டம் வரை கடையும் சின்ன லேத்தில் லேத்தின் அடித்தளமான பெட்டிலிருந்து மரம் சுழலும் மையம் வரை 5 அங்குலம்தான். அதில் பாஞ்சோ ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், ரெஸ்ட்டின் தலை இன்னொரு பங்கை. மீதமிருப்பதில் உளியின் தடிமனும் அடங்க வேண்டும். தலை உயரமாக இருந்தாலோ, தண்டு நீளமாக இருந்து அடியில் பெட்டை இடித்தாலோ, ரெஸ்ட்டை எவ்வளவு இறக்கினாலும் கவுஜ் முனை மையத்துக்கு வராது. தண்டு நீளமென்றால் அறுத்துக்கொள்ளலாம். தலை உயரமென்றால் ஒன்றும் செய்ய முடியாது. உட்புறத்தை ஸ்கிரேப்பரால் சுரண்டும்போது மட்டும் முனை மையத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் உளி அமுங்கினாலும் மரத்துக்குள் பாயாமல் வெற்றிடத்துக்குப் போகும்.

வளைவு கிண்ணத்துக்குப் பொருந்துமா என்பதற்கு ஓர் அட்டை போதும். நீங்கள் வழக்கமாகக் கடையும் கிண்ணத்தின் உள்வடிவத்தில் பாதியை அட்டையில் வெட்டி, ரெஸ்ட்டை அதற்குள் வைத்துப் பாருங்கள். சுவர் வளைந்து அடிப்பாகத்தோடு சேரும் இடத்தில்தான் தாங்கல் மிகவும் தேவை. அங்கே பெரிய இடைவெளி விட்டால் அந்த ரெஸ்ட் உங்களுக்கு ஆகாது. ஆழமில்லாத ஆறு அங்குலக் கிண்ணம் மட்டுமே செய்கிறீர்கள் என்றால், சரி, இப்போதைக்கு வாங்கவே வேண்டாம். குட்டையான நேர் ரெஸ்ட்டே வேலையை முடித்துவிடும்.

ரெஸ்ட் வந்தவுடன் அதன் மேல்விளிம்பை விரலால் தடவுங்கள். தட்டுப்படும் பிசிறை அரம் போட்டு எடுத்து, மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் உளி வழுக்கிக்கொண்டு போகும். ரெஸ்ட்டை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் லேத்தை நிறுத்தி, ஓட்டுவதற்கு முன் கிண்ணத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பச்சை மரத்தில் குடைந்து காயவைத்த கிண்ணம் முட்டை வடிவத்துக்கு மாறியிருக்கும். ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருக்கும், கால் சுற்றில் விளிம்பு ரெஸ்ட்டை உரசும்.