ஸ்பீக்கர் வாங்கும்போது காது ஏமாறும் இடங்கள்

மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டையே உரைகல்லாக எடுத்துக்கொள்வதுதான். கடையில் எடுபடுவதற்கென்றே பேஸ் (கீழ் ஒலி) தூக்கலான பாட்டாகப் பார்த்துப் போடுவார்கள். சித்திரைத் திருவிழா மைக் செட்டில் பழகிய நம் காதுக்கு அது நிறைவாகவே படும். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்ட பிறகே தலை கனக்கத் தொடங்கும்.

பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மிருதங்கத்தில் தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி என்ற கனத்த ஒலி எழும்போது பாடகரின் குரல் அதில் அமிழ்ந்துபோனால், அந்த ஸ்பீக்கரில் கீழ் ஒலி மிகை. வலந்தலையின் (வலப்பக்கத்தின்) சாப்பு என்ற அடி சுருக்கென்று குத்தினாலோ, ‘ச’ வரும் இடமெல்லாம் சீறல் கேட்டாலோ மேல் ஒலி மிகை. சமநிலையை அளக்க மனிதக் குரலைவிட நம்பகமான கருவி வேறில்லை என்பேன். அது இயல்பாக எப்படி இருக்கும் என்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதும் பெருந்தவறு. ஒரே வால்யூம் அளவில் 86 டெசிபெல் உணர்திறன் (அதே மின்சக்தியில் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) உள்ளதைவிட 89 டெசிபெல் உள்ளது உரக்க ஒலிக்கும்; உரத்ததைச் சிறந்ததென்று காது எளிதில் தீர்ப்பெழுதிவிடும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும், கணநேர உச்சத்தைக் காட்டும் பிஎம்பிஓ வாட்ஸைப் பொருட்படுத்தவே வேண்டாம். தொடர்ந்து தரும் சக்தியைக் குறிக்கும் ஆர்எம்எஸ் வாட்ஸ் இரு மடங்கானாலும் கூடும் ஒலி 3 டெசிபெல்தான். எந்தக் கீழ் ஒலி முதல் எந்த மேல் ஒலி வரை வரும் என்று காட்டும் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற எண்ணும், எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை, ஒன்றையும் சொல்வதில்லை.

ஆனால் நல்ல ஸ்பீக்கரையும் கெடுத்துவிடுவது நம் வீட்டுக் கூடம்தான். சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்றிருந்தால் ஒலி எதிரொலித்துக் கூர்மையாகும்; மூலையில் தள்ளி வைத்தாலோ கீழ் ஒலி பெருகிக் குழம்பும். நானும் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே செருகி வைத்துவிட்டு, மாதக்கணக்கில் ஸ்பீக்கரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றரை அடி முன்னே இழுத்து, ட்வீட்டரை (மேல் ஒலி தரும் சிறு பகுதியை) உட்காருபவரின் காது உயரத்துக்குக் கொண்டுவந்து, தரையில் ஒரு ஜமுக்காளத்தையும் விரித்த பிறகுதான் குரல் தெளிந்தது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் உள்ள இடைவெளியும், உட்காருமிடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் குரல் நடுவில் நிற்காமல், பேஸ் மட்டும் மெலிந்து கேட்டால், கீழ் ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபர் வாங்க ஓடுவதற்கு முன் பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கருப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கக்கூடும்.