பிரிட்டனில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை: நீலகிரிக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

குன்னூரிலிருந்தோ கூடலூரிலிருந்தோ பிரிட்டனுக்கு வேலைக்குப் போன வீட்டில் குழந்தை பிறந்ததும், மலையிலிருக்கும் தாத்தா பாட்டி கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை அந்த நாட்டுக் குடிதானே?" பெரும்பாலும் இல்லை. அந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பது 1983 ஜனவரி 1-ம் தேதியோடு போய்விட்டது. பிள்ளை பிறந்த அன்று தாயோ தந்தையோ பிரிட்டிஷ் குடியுரிமை அல்லது நிரந்தரமாகத் தங்கும் உரிமை வைத்திருக்க வேண்டும். இருவரும் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருந்தால் பிள்ளை பிரிட்டிஷ் இல்லை.

அப்படியானால் இந்தியக் குடிதானே என்று நினைத்துச் சும்மா இருப்பதுதான் பலர் செய்யும் தவறு. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. பிறந்த ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பதியாத பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. முதல் பிறந்தநாளுக்கு ஊருக்கு வரலாம் என்று டிக்கெட் பார்க்கும்போதுதான் இது தெரியவருகிறது. அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

இங்கிலாந்தில் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஸ்காட்லாந்தில் 21 நாள்தான். இரண்டு இடத்திலும் சுருக்கச் சான்றிதழ், முழுச் சான்றிதழ் என்று இரண்டு வகை உண்டு. சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது, தூதரகத்துக்கு அது உதவாது. முழுச் சான்றிதழில் மூன்று நான்கு பிரதி அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பிறகு இந்தியக் குடியுரிமை இணையதளத்தில் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கான விண்ணப்பத்தை நிரப்பி, பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகல்களும் திருமணச் சான்றிதழும் சேர்த்து, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். பதிவு முடிந்த பிறகே பாஸ்போர்ட், அதன் பிறகே பிரிட்டனில் சார்ந்தோர் விசா. அங்கே பிறந்த குழந்தை விசா இல்லாமல் அங்கேயே இருக்கலாம். வெளியே போய்த் திரும்பி வரத்தான் விசா வேண்டும். ஆகவே ஊர்ப் பயணத்தை இந்த வரிசை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் தாண்டிவிட்டாலும் கதவு அடைபட்டுவிடவில்லை. தாமதத்துக்கான காரணத்தை எழுதி மத்திய அரசின் அனுமதி கேட்கலாம். விண்ணப்பம் தூதரகம் வழியாக உள்துறை அமைச்சகத்துக்குப் போகும், அதனால் இழுக்கும். "பதியாமலே விட்டால் பிள்ளை நாடற்றவராகக் கணக்காகி, ஐந்து வருடத்தில் பிரிட்டிஷ் ஆகிவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பெற்றோர் நியாயமாக முயன்றால் கிடைத்திருக்கக்கூடிய குடியுரிமையை வாங்காமல் விட்ட பிள்ளைக்கு அந்த வழி 2022-லிருந்தே இறுக்கப்பட்டுவிட்டது. நடுவில் அவதிப்படுவது குழந்தைதான்.

விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் பெயர். நம்மூரில் இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும்; திருமணச் சான்றிதழில் இனிஷியலாகவே நிற்கும்; பிரிட்டன் பதிவு அலுவலகத்தில் அவசரத்தில் மூன்றாவது வடிவம் ஒன்று ஏறிவிடும். பதிவுக்குப் போகும்போது இருவரின் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளை அப்படியே சொல்லுங்கள். அச்சிடுவதற்கு முன் படித்துப் பார்க்கச் சொல்வார்கள், நிதானமாகப் படியுங்கள்.

திருமணம் பதிவாகவில்லை என்றால் அடுத்த முட்டு. ஹட்டியில் (படகர் கிராமத்தில்) நடந்த கல்யாணமோ தேவாலயக் கல்யாணமோ, 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். 90 நாளுக்குள் சாதாரணக் கட்டணம், தாமதக் கட்டணத்தோடு 150 நாள். விமானம் ஏறும் முன் முடித்துவிடுங்கள். அங்கே போய்விட்டு இதற்காகத் திரும்பி வருவது பெரிய செலவு.

பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் எங்கே தேடுவது? பிறப்பு, வீடு இருக்கும் ஊரில் பதிவாவதில்லை, பிரசவம் நடந்த ஊரில் பதிவாகும். கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளை குன்னூர் அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவேடு குன்னூர் நகராட்சியில். பந்தலூர், கூடலூர்க்காரர்கள் பலர் சுல்தான் பத்தேரியில் பிறந்தவர்கள். அவர்கள் கேரளத்தில்தான் கேட்க வேண்டும். வீட்டில் பிறந்து கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவாகாமல் போயிருந்தால், பதிவு இல்லை என்ற சான்றைப் பெற்று, அந்தக் கோட்டத்துக்குரிய ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் தாமதப் பதிவுக்கு மனு கொடுக்க வேண்டும். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள். பழைய காகிதத்தில் 'உதகமண்டலம்', பாஸ்போர்ட்டில் 'நீலகிரி' என்று பிறந்த இடம் மாறியிருந்தால் இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள்.

தாயகம் திரும்பிய குடும்பங்கள் இந்தப் பகுதியை நிறுத்திப் படிக்க வேண்டும். 1964 சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகம்) தோட்டங்களிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வெளிநாடு போகிறார்கள். அவர்களுக்குப் பிறந்த தேதியே எல்லாம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் அல்லது தந்தை அப்போது இந்தியக் குடியாக இருந்திருக்க வேண்டும். அதாவது 1990-ல் கூடலூரில் பிறந்த ஒருவரின் குடியுரிமைக்குக் கேள்வி வந்தால், அவருடைய அப்பா அல்லது அம்மா சிலோனில் பெற்ற இந்தியக் குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ், அங்கே வாங்கிய இந்தியப் பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை ஆகியவைதான் பதில். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தக் காகிதங்களை இந்த மழைக்காலத்துக்கு முன் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் முத்திரையோடு ஸ்கேன் செய்து வையுங்கள். மலை ஈரத்தில் மை கலைந்துவிட்டால் இரண்டாம் பிரதி வாங்குவது மிகக் கடினம். பழைய பாஸ்போர்ட்டை லேமினேட் செய்யாதீர்கள்.

சில வருடம் கழித்துப் பெற்றோரில் ஒருவருக்கு நிரந்தரத் தங்கும் உரிமை கிடைத்தால், 18 வயது நிறையாத பிள்ளையைப் பிரிட்டிஷ் குடியாகப் பதிய அது போதும். இல்லாவிட்டாலும், அங்கே பிறந்து பத்து வருடம் அங்கேயே வளர்ந்த பிள்ளைக்குப் பதியும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பத்தில் எந்த ஒரு வருடத்திலும் 90 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. கைக்குழந்தையை ஆறு மாதம் பாட்டியிடம் விட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பத்து வருடம் கழித்து அது குறுக்கே வரும். தனிச் சூழல் என்று விளக்கிக் கேட்கலாம், தருவது அதிகாரியின் முடிவு. பள்ளிக் கடிதம், தடுப்பூசிப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள இந்தியச் சட்டம் விடாது. பிறகு ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிகளான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும்) அட்டை வாங்கலாம், அதில் ஓட்டுரிமை இல்லை. பெற்றோர் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததால் இந்தியக் குடியுரிமை போன பிள்ளை, பெரியவனானதும் அதைத் தானாகத் திரும்பக் கேட்க முடியாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே முடிவெடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தப் பேச்சில் தேயிலை நிலமும் வரும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரானாலும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரானாலும் தோட்டமோ விவசாய நிலமோ விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது, வாரிசாகப் பெறலாம். நம்மூரில் பிள்ளைகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவைப்பதுதான் பழக்கம். வெளிநாட்டிலிருக்கும் பேரனுக்குத் தோட்டம் சேர வேண்டுமானால் தாத்தா உயில் எழுதட்டும்.