பழைய நெசவுத் திண்டுகளால் ஹாலை அலங்கரிக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

படத்தில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். தாழ்வான டீபாய், அதைச் சுற்றி சிவப்பும் நீலமுமாக நாலைந்து பழைய கிலிம் (தட்டையாக நெய்த கம்பளி விரிப்பு) திண்டுகள், ஓரத்தில் ஒரு செடி. அதே திண்டுகள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மூலையில் அடுக்கிக் கிடக்கும். வருகிறவர்கள் எல்லாம் சோபாவைத் தேடிப் போவார்கள். இதற்கு நிறமோ டிசைனோ காரணமாக இருப்பது அபூர்வம். படத்தில் தெரிவது திண்டின் மேல்பக்கம் மட்டும்தான். அதில் உட்காரத் தோன்றுமா, எத்தனை வருஷம் தாங்கும் என்பதெல்லாம் உள்ளே இருக்கும் பஞ்சையும், அடிப்பக்கத் துணியையும், அது கிடக்கும் தரையையும் பொறுத்தது.

மேல்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்குவது

விண்டேஜ் என்று விற்கப்படும் நெசவுத் திண்டுகளில் பெரும்பாலானவை திண்டாகப் பிறந்தவை அல்ல. தேய்ந்துபோன கிலிம் விரிப்பில் கெட்ட பகுதியைக் கழித்துவிட்டு, நல்ல பகுதியைச் சதுரமாக வெட்டி, பின்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்திருப்பார்கள். துருக்கியில் தானியமும் துணிமணியும் கட்டி வைத்த சுவல் என்னும் சாக்கு, கழுதை முதுகில் தொங்கிய ஹெய்பே என்னும் இரட்டைப் பை ஆகியவற்றிலிருந்து வந்தவையும் உண்டு. திண்டு உறையாகவே நெய்யப்பட்டவை குறைவு. துருக்கியின் ஆசியப் பகுதியான ஆனடோலியாவின் யாஸ்திக், பலூச்சி மக்களின் பாலிஷ்ட் போன்றவை அந்த வகை.

இது வெறும் தகவல் இல்லை, வாங்கும்போது உதவும் விஷயம். நெய்த துணியை எங்கே வெட்டினாலும் அந்த ஓரத்திலிருந்து நூல் பிரிய ஆரம்பிக்கும். அதனால் ஜிப்பைத் திறந்து உறையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். வெட்டிய ஓரம் ஓவர்லாக் செய்யப்பட்டிருக்கிறதா, நாடா வைத்துத் தைத்திருக்கிறதா, இல்லை வெறுமனே மடித்து ஒரு தையல் ஓட்டியிருக்கிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும். கடைசி வகை என்றால் உட்காருவதற்கு ஆகாது. சோபாவில் சாய்ந்துகொள்ள வைக்கலாம்.

அப்படியே உறையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இரண்டு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடங்களில் சின்னச் சின்னப் பிளவுகள் தெரியும். கிலிம் நெசவில் ஒவ்வொரு நிற ஊடையும் (குறுக்கு நூல்) தன் எல்லையிலுள்ள பாவு நூலை (நெடுக்கு நூல்) சுற்றித் திரும்பிவிடும். பக்கத்து நிறத்தோடு கோத்துக்கொள்ளாது. அதனால் வருகிற இடைவெளி அது, குறை இல்லை. ஆனால் பிளவின் ஓரத்தில் ஊடை தேய்ந்து, வெறும் பாவு நூல் தெரிகிறது என்றால் யோசிக்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் அந்த இடம்தான் முதலில் கிழியும்.

கறுப்பு, அடர் பழுப்பு இடங்களை விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது. பழைய கம்பளி நெசவுகளில் இந்த நிறங்களுக்காக இரும்பு உப்புகளைச் சேர்த்துச் சாயமேற்றுவார்கள். காலப்போக்கில் அந்த இரும்பு கம்பளியை அரித்துவிடும். சுற்றியிருக்கும் சிவப்பும் நீலமும் மேடாக நிற்க, கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தட்டுப்படும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் மேல் உட்காரக் கூடாது. சுவரோரம் முதுகுக்கு வைக்கலாம்.

‘பழசு என்றால் இயற்கைச் சாயம்தான்’ என்று நம்புவது இன்னொரு தவறு. ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி பெர்க்கின், முதல் செயற்கைச் சாயங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தது 1856-இல். அடுத்த சில பத்தாண்டுகளிலேயே அந்த வகைச் சாயங்கள் நெசவு நடக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. விண்டேஜ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத்தான்; ஆக, உங்கள் கையில் இருப்பது செயற்கைச் சாயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் கேவலம் எதுவும் இல்லை. சாயம் மற்ற துணியில் ஒட்டுமா என்பதுதான் கேள்வி. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, சிவப்புப் பகுதியில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் இளஞ்சிவப்பு ஏறினால், வெளிர் நிறச் சோபாவுக்கும் வெளிர் நிற உடைக்கும் அந்தத் திண்டு ஆபத்து.

சோபாக் குஷனுக்குப் போடும் பஞ்சையே போடுவது

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். உறைக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்துவிட்டு, உள்ளே கையில் கிடைத்ததைத் திணிப்பார்கள்.

சாதாரணப் பாலியஸ்டர் பஞ்சு, சாய்ந்துகொள்ளும் எடையைத் தாங்கும். ஓர் ஆள் முழு எடையோடு உட்கார்ந்தால் நடுவில் குழி விழுந்து, பஞ்சு நாலு மூலைக்கும் ஒதுங்கிவிடும். இறகு இன்னும் மோசம், ஒரேயடியாக அமுங்கும். இலவம்பஞ்சு இலேசானது, தொட இதமானது. ஆனால் நாளடைவில் நெரிந்து கட்டிகட்டியாகிவிடும். வெயிலில் போட்டு உதறிவிடப் பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி. தனி ஃபோம் மட்டும் வைத்தால் உட்கார வசதிதான், ஆனால் பெட்டி மாதிரி விறைத்து நிற்கும். ஹால் இளைப்பாறும் இடமாகவே தோன்றாது. உட்காரும் திண்டுக்கு நான் சொல்வது இது: நடுவில் கெட்டியான ஃபோம், அதைச் சுற்றி மேலும் கீழும் பஞ்சு. விளிம்பு மென்மையாக இருக்கும், நடு அமுங்காது.

சோதிப்பது சுலபம். சம்மணம் போட்டு ஐந்து நிமிஷம் உட்காருங்கள். தரையின் கடினம் உடம்புக்குத் தெரிந்தால் அது திண்டு இல்லை, விரிப்பு. அமுங்கிய பிறகும் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால் முதுகு தானாக நிமிரும். சமமாகவோ கீழேயோ போனால் முதுகு கூனி, பத்தாவது நிமிஷம் ஆள் எழுந்து சோபாவுக்குப் போய்விடுவார். அளவும் முக்கியம். 45 சென்டிமீட்டர் சதுரம் சாய்வதற்குத்தான் காணும். சம்மணத்துக்கு 60, தாராளமாக உட்கார 70 முதல் 75 வரை.

குஷன் புடைப்பாகத் தெரிய உறையைவிட 5 சென்டிமீட்டர் பெரிய உள்மெத்தை வாங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். புதுத் துணிக்கு அது நல்ல யோசனை. பழைய நெசவுக்கு வேண்டாம். திணித்து இறுக்கினால் தையலும் அந்தப் பிளவுகளும் எப்போதும் இழுபட்டே இருக்கும். உறைக்குச் சமமான அளவு போதும். இன்னொன்று, பஞ்சுக்கு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தனி உள்உறை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பிளவு வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

வெறும் தரையில் போட்டு மறந்துவிடுவது

கம்பளிக்கு ஒரு விசித்திர குணம். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டாலும், தொட்டால் ஈரமாகத் தெரியாது. தரையிலிருந்து ஏறும் ஈரமும், துடைத்த தரை காய்வதற்குள் போட்ட திண்டும் சேர்ந்தால், பூஞ்சை வாடை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். கீழே ஒரு விரிப்பு, வழவழப்பான தரையானால் அதற்கும் கீழே வழுக்காத அடிவிரிப்பு போடுங்கள். ராத்திரி திண்டுகளைச் சுவரில் சாய்த்து நிறுத்திவைத்தால் அடிப்பக்கம் காற்று வாங்கும். தரையில் உரசித் தேய்வதும் அந்த அடிப்பக்கம்தான் என்பதால், பின்துணி மெல்லிசாக இருந்தால் தடித்த கேன்வாஸாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

நின்றபடி ஹாலை அலங்கரிப்பது

திண்டை அடுக்கிவிட்டு நின்று பார்த்துத் திருப்திப்படுகிறோம். அதில் உட்கார்ந்து பாருங்கள். வழக்கமான டீபாய் 40, 45 சென்டிமீட்டர் உயரம்; தரையில் இருப்பவருக்கு அது நெஞ்சுக்கு நேரே வரும். 25 முதல் 35 வரை உள்ளது கைக்கு வாகாக இருக்கும். மேசை விளக்கின் பல்பு, மறைப்புக்குக் கீழிருந்து நேராகக் கண்ணில் அடிக்கும். நிற்பவர் கண்ணுக்கு மாட்டிய படங்கள் எங்கோ உயரத்தில் தொங்கும். ஒரு படத்தையாவது இறக்கி மாட்டினால் அந்த மூலையே உட்காரச் சொல்லும்.

திண்டுகளைச் சுவரோரம் வரிசையாக வைக்காதீர்கள், ரயிலுக்குக் காத்திருக்கும் இடம் போலாகிவிடும். டீபாயைச் சுற்றி ஒன்றை ஒன்று பார்க்கும்படி போடுங்கள். நடக்கிற பாதையில் மட்டும் வேண்டாம்.

டிசைன் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு நிறம், பெரிய உருவம் ஒன்றிரண்டு, சின்னக் கட்டமோ கோடோ மற்றவற்றில், அவ்வளவுதான். ஒரே மாதிரி நாலு வாங்கினால் பழசின் அழகே போய்விடும். சின்ன ஹாலுக்கு மூன்று போதும். அப்புறம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்ல நாற்காலி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மெஷினில் போட்டுத் துவைப்பது

வெந்நீரும் சுழற்சியும் சேர்ந்தால் கம்பளி இறுகிச் சுருங்கும். பாவு பருத்தியாகவும் ஊடை கம்பளியாகவும் இருந்தால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, உறை கோணிக்கொள்ளும். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும். கறை நீக்க என்சைம் சேர்த்த சோப்புத்தூளும் கம்பளியின் புரதத்தைப் பதம் பார்க்கும். ஏதாவது சிந்தினால் தேய்க்காமல், வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில், சுழலும் பிரஷ் இல்லாமல் ஓட்டலாம். வெயில் உள்மெத்தைக்கு மட்டும். வெளுத்த சாயம் திரும்பாது.

பழைய கம்பளியோடு வரும் அழையா விருந்தாளி அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்னும். இருட்டான, யாரும் அசைக்காத இடங்கள், வியர்வையும் உணவும் பட்ட பகுதிகள் அதற்குப் பிடிக்கும். தையல் மடிப்பில் துணியின் நிறத்திலேயே மணல் போன்ற துகள்கள் இருந்தால் அது புழுவின் எச்சம். சந்தேகம் இருந்தால் உறையைக் கழற்றிப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, −18 டிகிரி செல்சியஸில் ஓடும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம், ஒரு நாள் அப்படியே விடுங்கள். அப்போது நீர்த்துளிகள் பையின் வெளிப்பக்கம் படியும், துணி நனையாது. பிறகு பிரித்து, தையல் மடிப்பு வரை வேக்குவம் பிடித்து, அதன் பின் ஹாலுக்குக் கொண்டுவரலாம்.