பாடசாலை வளவில் ஓர் உரோம எல்லைச் சுவர்

யாழ்ப்பாணத்து மாணவருக்குக் கோட்டை என்றால் கல் மதில்தான் நினைவுக்கு வரும். ஆனால், அன்டோனைனஸ் பயஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 142 அளவில், ஸ்கொட்லாந்தின் குறுக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளத்துக்கு உரோமப் படையினர் எழுப்பிய எல்லைச் சுவரின் பெரும்பகுதி, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் ஆனது. அதன் 2 மீற்றர் துண்டொன்றை நான்கில் ஒரு பங்கு அளவில் வரலாற்று மன்றத்தினர் கட்டிப் பார்க்கலாம்.

மாரி மழை ஓய்ந்து, அறுகம்புல் வேர் இறுகியிருக்கும் தை மாதமே இதற்கு ஏற்றது. மணற்பாங்கான நிலத்தில் கட்டி உதிர்ந்துவிடுமாதலால் செம்மண் வளவையே தெரிவுசெய்ய வேண்டும்.

முதலில் நூல் பிடித்து, 1.1 மீற்றர் அகலத்துக்கு இரு கரைகளிலும் செதுக்கிய கற்களை வரிசையாகப் பதித்து, நடுவே கிணறு வெட்டியபோது வெளிவந்த சுண்ணாம்புக்கற்களை நிரப்புக. உரோமரின் அடித்தளம் 4.3 மீற்றர் அகலமுடையது. மழைநீர் தேங்கிச் சுவரை ஊறவைக்காதிருக்க அதனூடே கல் வடிகால்களையும் அவர்கள் அமைத்தனர். மாதிரியிலும் ஒரு வடிகாலாவது இருக்கட்டும். நம்மவர் பெரும்பாலும் தவறவிடுவது அதைத்தான்.

புற்கட்டி ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் அரையடித் தடிப்பும் கொண்டதாக இருக்க வேண்டும் என்று வெஜீஷியஸ் என்னும் உரோம எழுத்தாளர் குறித்துள்ளார். நமது அளவில் அது 11, 7.5, 4 சென்ரிமீற்றர் ஆகும். புல் பக்கம் கீழே இருக்க, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதவாறு அடுக்கி, இரு பக்கமும் உட்சாய்வாக 75 சென்ரிமீற்றர் வரை உயர்த்துக. அகழாய்வில் இச்சுவரைக் குறுக்கே வெட்டும்போது, மக்கிய புல் மெல்லிய கருங்கோடுகளாக இன்றும் தென்படுகிறது.

அகழியைச் சுவரிலிருந்து 1.5 மீற்றராவது தள்ளி, எதிரி வரும் வடக்குப் பக்கத்தில் 'வி' வடிவில் தோண்டுக. தோண்டிய மண்ணால்தான் சுவர் எழுந்தது என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அதை அகழிக்கு அப்பால், வெளிக்கரையிலேயே கொட்டினர். அதனால் அக்கரை உயர்ந்து, தனியே வெட்டாமலே அகழியின் ஆழம் கூடியது. சிக்கனமான வேலை என்பது இதுதான்.

சில அடியிலேயே பாறை தட்டினால் கலங்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் உரோமரின் மற்றோர் எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரின் அகழியை லைம்ஸ்டோன் கோர்னரில் வெட்டிய படையினரும் கடும்பாறையிடம் தோற்று, பாதியில் விட்டனர். ஆப்புக் குழிகளோடு ஒரு பெரும்பாறை அங்கே இன்னும் கிடக்கிறது. உங்கள் மாதிரியிலும் அப்பகுதியை அப்படியே விட்டுவிடலாம். சிறுவர் விழாதபடி சுற்றிக் கயிறு கட்டுவதுதான் முக்கியம்.

கடைசியாகக் கல்வெட்டு. 1868இல் ஸ்கொட்லாந்தின் போனெஸ் அருகே கிடைத்த, நாம் மாதிரியாகக் கொண்ட சுவரின் கற்பலகையில், இரண்டாம் அகஸ்டா படையணி 4,652 தப்படி நீளம் கட்டியதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அம்முறையில், கட்டிய வகுப்பின் பெயரையும் நீளத்தையும் கல்லொன்றில் எழுதிச் சுவரில் பொருத்துக.